முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், அப்புறம் மண்ணைத் தோண்டுங்கள்

ஆற்றங்கரையிலோ காயல் ஓரத்திலோ நாற்பது ஐம்பது வருடம் ஓடி மூடிய ஆலை ஒன்றின் இடம் கைக்கு வந்தால், பெரும்பாலானவர்கள் முதலில் கூப்பிடுவது ஜேசிபிக்காரரைத்தான். கறுத்துப்போன மண்ணை அள்ளி டிப்பரில் ஏற்றிவிட்டு, மேலே நல்ல மண்ணைக் கொட்டி நிரவிவிட்டால் வேலை முடிந்தது என்று ஒரு நம்பிக்கை. அப்படிச் செய்த இடம் ஒன்றில் நான் பிறகு போய் வேலை பார்த்திருக்கிறேன். நிரப்பி இரண்டு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. புதுச் செம்மண்ணின் ஆற்றுப் பக்க ஓரத்தில் பழைய கறுப்பு மறுபடி ஊறி மேலே ஏறிக்கொண்டிருந்தது. அள்ளிப்போன மண் எங்கே கொட்டப்பட்டது என்று கேட்டால் யாரிடமும் தாள் இல்லை.

அதனால் இந்தக் குறிப்பில் தோண்டுகிற பேச்சு பாதி தாண்டித்தான் வரும். கரையோர நிலத்தில் மழை மேலிருந்து இறங்குகிறது, நிலத்தடி நீர் உள்ளிருந்து கரையை நோக்கி நகர்கிறது, கடல் ஓதம் ஏறும்போது ஆற்று நீர் திரும்ப உள்ளே தள்ளுகிறது. விஷம் இந்த மூன்றின் மேலும் சவாரி செய்கிறது. நீரின் போக்கு தெரியாமல் தோண்டினால், இதுவரை அசையாமல் கிடந்ததைக் கிளறி ஆற்றில் விடுவதுதான் நடக்கும்.

நான் அடிக்கடி திரும்பிப் போய்ப் படிக்கிற இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், லேக் யூனியன் ஏரியின் வடகரையில் இருக்கும் கேஸ் வொர்க்ஸ் பார்க். 1906 முதல் 1956 வரை அங்கே நகரத்துக்கான எரிவாயுவைத் தயாரித்தார்கள், முதலில் நிலக்கரியிலிருந்து, 1937-க்குப் பிறகு எண்ணெயிலிருந்து. ஐம்பது வருடத் தாரும் புகைக்கரியும் பென்சீனும் மண்ணில் இறங்கின. வாயுவிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கப் பயன்படுத்திய ஆர்செனிக் கரைசலும் சேர்ந்துகொண்டது. 1962-இல் நகராட்சி அந்த இடத்தை வாங்கியது, 1975-இல் பூங்காவாகத் திறந்தது. ஆலையின் கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. அங்கே சரியாகச் செய்ததும் உண்டு, பிறகு திருத்த வேண்டி வந்ததும் உண்டு, இரண்டுமே நமக்குப் பாடம். கீழே அவ்வப்போது அங்கே போய் வருவேன்.

பழைய கதையைத் தோண்டுவது முதல் வேலை

மண்ணில் என்ன இருக்கும் என்பது அங்கே என்ன செய்தார்கள் என்பதிலிருந்து தெரியும். தோல் ஆலையா, குரோமியம். தெர்மாமீட்டர், காஸ்டிக் சோடா ஆலையா, பாதரசம். படகு கட்டும் யார்டா, பெயின்ட்டில் இருந்த ஈயமும் செம்பும் டின் சேர்மங்களும். எரிவாயு ஆலையா, தார். இது தெரியாமல் லேபுக்கு மண் அனுப்பினால் அவர்கள் எதைத் தேடுவார்கள்? நீங்கள் கேட்டதை மட்டும்தான் தேடுவார்கள்.

ஆலையின் பழைய வரைபடங்கள், சர்வே படங்கள், வெவ்வேறு வருடத்து வான்வழிப் படங்கள், அனுமதிக் கோப்புகள் எல்லாவற்றையும் சேகரியுங்கள். கரை எந்த வருடம் எங்கே இருந்தது என்று ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். கரையோர ஆலைகளில் பாதி நிலம் இயற்கை நிலமே கிடையாது. சாம்பல், கசடு, உடைந்த செங்கல் என்று ஆலையின் சொந்தக் குப்பையைக் கொட்டியே கரையை வெளியே தள்ளியிருப்பார்கள். அந்த நிரப்பு மண்தான் பெரும்பாலும் மோசமான மண்.

படங்களைவிட மேலானவர்கள் அங்கே வேலை பார்த்துச் சோர்ந்து வீட்டில் இருக்கும் பெரியவர்கள். ஒரு நாள் அவர்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு இடத்தைச் சுற்றி நடங்கள். "இங்கதான் சார் பேரல் கழுவுவோம், தண்ணி அந்தப் பக்கம் ஓடும்" என்று ஒருவர் கை நீட்டிய திசையில் எங்கள் வரைபடத்தில் எதுவுமே இல்லை. அங்கே போட்ட துளையில்தான் அந்த இடத்தின் மிக மோசமான எண் கிடைத்தது. அவர்களுக்குக் காப்பி வாங்கிக்கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள், அவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். பல வருடம் அந்த மண்ணிலேயே மூச்சு விட்டவர்கள் அவர்கள்.

தண்ணீர் எங்கே போகிறது

நிலத்தடி நீர் ஓடும் திசையை அறிய ஒரே கோட்டில் வராத குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். மூன்றிலும் கடல்மட்டத்தோடு ஒப்பிட்ட நீர்மட்டம் தெரிந்தால் சரிவு எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் ஓதம் ஏறி இறங்குகிற இடத்தில் காலையில் ஒரு தடவை அளந்துவிட்டு வந்தால் போதாது. ஓதம் ஏறும்போது அளந்தவர் தண்ணீர் உள்நோக்கிப் போகிறது என்று எழுதுவார், இறங்கும்போது அளந்தவர் நேர் எதிராக எழுதுவார். கிணற்றுக்குள் மட்டம் பதியும் சிறு கருவியைத் தொங்கவிட்டு ஒரு முழு நாளுக்குக் குறையாமல், முடிந்தால் அமாவாசை பௌர்ணமி ஓதத்திலும் அட்டமி ஓதத்திலும் பதிவு செய்து சராசரி எடுங்கள்.

அடுத்து மழைநீர் வடிகால்கள். இதைப் பலர் மறந்தே போகிறார்கள். பழைய ஆலையின் தரைக்கு அடியில் யாருக்கும் நினைவில்லாத குழாய்கள் ஆற்றுக்குள் திறந்து கிடக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை வந்து சேர்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். படகும் வலையும் அலையாத்தி மரங்களின் வேரும் கறுத்துப்போயின, மீனவர்கள் வாளியிலும் மக்கிலும் எண்ணெயை மொண்டார்கள். மழைநீர் போகிற வழிதான் எண்ணெய்க்கும் வழி. ஆகவே ஒவ்வொரு குழாயையும் கண்டுபிடித்து, தேவையில்லாததை அடைத்து, தேவையானதன் வாயில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வையுங்கள்.

கரைக்குப் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் மெதுவாக நடந்து பாருங்கள். சேற்றின் மேல் வானவில் போல மினுமினுப்பு தெரிந்தால் உடனே எண்ணெய் என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரு குச்சியால் அந்தப் படலத்தைக் கிளறுங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி கோணல் கோணலாக உடைந்து அப்படியே தனித்தனியாக மிதந்தால் அது இரும்பு பாக்டீரியாவின் வேலை, இயற்கையானது. குச்சி போன தடத்தை மூடிக்கொண்டு படலம் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தால் அது எண்ணெய். காசு செலவில்லாத சோதனை, பத்து விநாடிக்கு மேல் ஆகாது. எண்ணெய் என்று தெரிந்தால் அந்த இடத்தைப் படம் எடுத்து நேரத்தையும் ஓதத்தையும் குறித்து வையுங்கள். கசிவு வெளியேறும் வாய் அது.

மாதிரி எடுப்பது

இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் துளை போடுவார்கள். அதோடு பழைய தொட்டி, குழாய், கழிவுக் குழி இருந்த இடங்களில் தனியாகக் கூடுதல் துளைகள் வேண்டும். கட்டத்தின் நடுவில் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக ஐந்து மீட்டர் தள்ளி இருந்த தொட்டியும் சுத்தம் என்று ஆகாது. மேல் மண் ஒன்று, அப்புறம் ஒவ்வொரு அடுக்கு மாறும் இடத்திலும் ஒன்று, நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டையில் கட்டாயம் ஒன்று. பெட்ரோல் டீசல் போன்று மிதக்கிற சரக்கு அந்தப் பட்டையில்தான் பூசிக்கொண்டு நிற்கும்.

துளையிலிருந்து வந்த குழாயை நீளவாக்கில் பிளந்து வைக்கும் நேரம் எனக்கு எப்போதும் முக்கியமானது. மேலே ஒரு முழம் புல்வேர் ஓடிய பழுப்பு மண். அதன் கீழ் செங்கல் தூளும் சாம்பலும். இரண்டு மீட்டர் தாண்டியதும் நிறம் சாம்பலாகி, மணல் துகள்களுக்கு நடுவே கறுப்புக் கோடுகள். அப்புறம் பீரோவைத் திறந்தால் வருமே அந்த அந்துருண்டை வாசனை. எரிவாயு ஆலைத் தாரில் நாஃப்தலீன் இருக்கிறது, அந்துருண்டையும் அதுதான். அந்த வாசனை வந்தால் தார் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் தயவுசெய்து யாரும் வேண்டுமென்று குனிந்து முகர்ந்து பார்க்காதீர்கள். பென்சீன் மாதிரி சரக்கு மூக்குக்குத் தெரிய வருவதற்கு முன்பே பாதுகாப்பான அளவைத் தாண்டியிருக்கும். அதற்கென்று ஆவி அளக்கும் பிஐடி மீட்டர் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அது உலோகங்களையும் கனமான தாரையும் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தார், குளோரின் கரைப்பான்கள் எல்லாம் தண்ணீரைவிடக் கனமானவை. அவை கீழே இறங்கிக் களிமண் அடுக்கின் மேல் குட்டையாகத் தேங்கும். அந்தக் களிமண்ணைத் துளைத்துவிட்டால், அதுவரை தாங்கிப் பிடித்த அடியை நீங்களே ஓட்டை போட்டு, கீழே இருக்கும் நல்ல நீருக்கு வழி திறந்துவிட்டீர்கள். அதனால் களிமண் தட்டியதும் துளையை நிறுத்துங்கள். கீழே போயே ஆகவேண்டும் என்றால் வெளிக்குழாயை இறக்கி சிமென்ட்டும், நனைந்தால் ஊதி நீரை அடைக்கும் பென்டோனைட் களிமண்ணும் சேர்ந்த கலவையால் அடைத்துவிட்டு, அதற்குள் சின்னக் குழாயில் போங்கள். வேலையாட்கள் அவசரப்படும் இடம் இது. நீங்கள் அங்கேயே நிற்க வேண்டும்.

ஆவியாகும் பொருளைச் சோதிக்கும் மண்ணை ஒருபோதும் வாளியில் கலக்காதீர்கள், கலக்கிய பிறகு லேபுக்குப் போவது வெறும் மண். கண்ணாடிப் புட்டியில் இறுக்கி மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கையெழுத்தோடு அனுப்புங்கள். பத்துக்கு ஒன்றாவது இரட்டை மாதிரி போகட்டும். ஒரே மண்ணுக்கு லேப் இரண்டு எண் சொன்னால் அப்போதே தெரிந்துவிடும்.

எவ்வளவு சுத்தம் என்றால் சுத்தம்

இது கணக்கு மாதிரி தெரிந்தாலும் உண்மையில் ஊரோடு பேசி முடிக்க வேண்டிய விஷயம். கொடைக்கானலில் 2001-இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாம் என்று முடிவானபோது, கீழே பாம்பார் சோலைக்கு ஓடும் நீரை நினைத்து அந்த எண் போதாது என்று பலர் வருடக்கணக்கில் போராடினார்கள். எண்ணை யார் வைத்தார்கள், எந்தப் பயன்பாட்டுக்கு வைத்தார்கள் என்று கேட்பது ஊர்க்காரர்களின் உரிமை. மனிதர் நடமாடும் நிலத்துக்கு ஓர் எண் போதும் என்றாலும், அந்த நிலத்திலிருந்து தண்ணீருக்குக் கசிகிற அளவுக்கு வேறு எண் வேண்டும். கரையோரத்தில் பல நேரம் இரண்டாவதுதான் கடுமையாக இருக்கும், ஏனென்றால் பாதரசம் போன்றவை சேற்றிலிருந்து புழுவுக்கும் மீனுக்கும் ஏறி, ஒவ்வொரு படியிலும் செறிந்து, கடைசியில் தட்டில் வந்து விழுகின்றன.

மண்ணில் மொத்தம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், நீரில் எவ்வளவு கரைந்து வருகிறது என்ற கசிவுச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் மாசடைந்த இடங்களுக்கென்றே 2025-இல் தனி விதிகள் வந்திருக்கின்றன, சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ பட்டியலிட்டு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தர வேண்டும். உங்கள் ஊர் இடம் பட்டியலில் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள்.

வழியை அடைப்பது

சரி, இப்போது என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எங்கே போகிறது எல்லாம் தெரிந்துவிட்டது. இன்னும் தோண்ட வேண்டாம்.

மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் மழைநீரை இடத்துக்குள் விடாமல் வரப்பு கட்டிச் சுற்றித் திருப்பிவிடுங்கள். ஆற்றுப் பக்கத்தில் ஷீட் பைல் என்கிற இரும்புத் தகடுகளை வரிசையாக அடித்து இறக்கலாம், அல்லது ஒடுக்கமான பள்ளம் வெட்டி பென்டோனைட் கலந்த சேற்றால் நிரப்பி நிலத்தடிச் சுவர் எழுப்பலாம். எதுவானாலும் அடியில் களிமண்ணுக்குள் போய்ச் செருகி நிற்க வேண்டும், அரைகுறையாக நிறுத்தினால் தண்ணீர் அடியில் புகுந்து போய்விடும். இன்னொன்று, சுவர் கட்டிய பிறகு உள்ளே பெய்கிற மழை எங்கேயும் போக வழியில்லாமல் மட்டம் ஏறும். ஏறினால் சுவரின் பொருத்துகள் வழியே வெளியே கசியும். உள்ளே மட்டம் எப்போதும் வெளியைவிடக் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும்படி பம்பு போட்டு எடுத்து, எடுத்த நீரை எண்ணெய் பிரித்து, படியவிட்டு, கரித்தூள் வடிகட்டியில் சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும்.

பழைய கல்கட்டுக் கரையாக இருந்தால் கூடுதல் கவனம். பின்னால் இருக்கும் மண்ணை மொத்தமாக எடுத்தால் கட்டு நிற்கிற பலம் போய் ஆற்றுக்குள் சாயும். ஒரு துண்டு வெட்டி, நிரப்பி, அடுத்த துண்டுக்குப் போங்கள். கரைக்கு வெளியே நீரில் மிதவைத் தடுப்பும் அதன் கீழே தொங்கும் சேற்றுத் திரையும் கட்டுங்கள்.

காலமும் இதில் சேர்த்தி. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாயைத் திறந்த குழி இருக்கவே கூடாது. பொங்கல் கழிந்து ஆரம்பித்து, ஆடிக்குள் குழிகளை மூடிவிடுகிற மாதிரி ஒப்பந்தத் தேதிகளைப் போடுங்கள்.

எந்த விஷத்துக்கு எந்த வைத்தியம்

டீசல், எண்ணெய் போன்றவற்றுக்கு நம் ஊர் வெப்பமே பெரிய துணை. விரிப்பின் மேல் மண்ணை இடுப்பளவோ ஆள் உயரமோ குவித்து, அடியில் ஓட்டைக் குழாய் வைத்துக் காற்று இழுத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் தழைச்சத்தும் மணிச்சத்தும் கொடுத்தால் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிர்களே தின்று தீர்க்கும். கரிமம் நூறு பங்குக்குத் தழைச்சத்து பத்து, மணிச்சத்து ஒன்று என்பது பொதுவாகப் பிடிக்கிற கணக்கு. மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும். உரத்தை அதிகம் போட்டால் அது ஆற்றுக்கு ஓடி இன்னொரு தொல்லை. கடல்நீர் ஊறிய மண்ணாக இருந்தால் உப்பு நுண்ணுயிர்களை மந்தப்படுத்தும், அதையும் அளந்துகொள்ளுங்கள்.

சியாட்டிலில் நில வடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஹாக் செய்தது ஏறக்குறைய இதுதான். ஆலையை இடித்துத் தள்ளாமல், மண் முழுவதையும் லாரியில் அனுப்பாமல், மரத்தூளையும் கழிவுநீர் நிலையத்துக் கசடையும் மண்ணில் உழுது கலந்தார். அன்றைக்கு அது துணிச்சலான யோசனை. இலகுவான எண்ணெய்கள் இதற்கு மசிந்தன. ஆனால் தாரில் இருக்கும் கனமான, பல வளையங்கள் கொண்ட சேர்மங்களை நுண்ணுயிர்கள் எளிதில் கடிக்காது. 1984-இல் மண்ணில் அவை அதிகம் இருப்பது தெரிந்து பூங்காவைக் கொஞ்ச காலம் மூட வேண்டி வந்தது. அப்புறம் மேலே சுத்தமான மண் போர்வை, 2000-களின் தொடக்கத்தில் தென்கிழக்கு மூலையில் நிலத்தடி நீருக்குள் காற்றைச் செலுத்தி மேலே வரும் பென்சீன் ஆவியை உறிஞ்சும் ஏற்பாடு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். ஹாக் செய்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஒரே மருந்து எல்லாவற்றையும் தீர்க்கும் என்று எதிர்பார்த்ததுதான் குறை.

உலோகங்களை எந்த நுண்ணுயிரும் தின்று அழிக்காது. அவற்றைப் பிரித்தெடுக்கலாம், அல்லது அசையாமல் கட்டலாம், அவ்வளவுதான். பிரிப்பதில் நல்ல வழி மண் கழுவுதல். விஷம் பெரும்பாலும் நுண்ணிய களிமண் துகள்களில் ஒட்டியிருக்கும், சரளையும் மணலும் கழுவினால் மீண்டும் பயன்படும். லண்டனில் 2012 ஒலிம்பிக் பூங்காவுக்காக லீ ஆற்றோரத்துப் பழைய தொழிற்சாலை நிலத்தை இப்படித்தான் ஐந்து கழுவும் இயந்திரங்களை அங்கேயே நிறுத்திச் சுத்தம் செய்து, பெரும்பகுதி மண்ணை அதே இடத்தில் திரும்பப் போட்டார்கள். உங்கள் மண்ணில் பாதிக்கு மேல் களிமண் என்றால் இந்தச் செலவு வீண். முதலில் சல்லடைச் சோதனை செய்துவிட்டு முடிவெடுங்கள்.

கட்டுவதென்றால் சிமென்ட், சுண்ணாம்பு, பாஸ்பேட், இரும்பு உப்பு என்று பல உண்டு. இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. ஈயத்தைக் கட்டப் பாஸ்பேட் நன்றாக வேலை செய்யும். ஆனால் அதே மண்ணில் ஆர்செனிக்கும் இருந்தால், பாஸ்பேட் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆர்செனிக்கை நீருக்குள் தள்ளிவிடும். ஒன்றைக் கட்டி இன்னொன்றை அவிழ்த்துவிட்ட கதை. குரோமியம் ஆறு என்கிற மஞ்சள் விஷத்தை ஃபெரஸ் சல்பேட்டால் குரோமியம் மூன்றாக மாற்றி அடக்கலாம், ஆனால் ராணிப்பேட்டையில் குவிந்து கிடந்த குரோமேட் கழிவு மாதிரி கெட்டிப்பட்ட கசடின் உள்ளே அடைந்திருப்பது, மேற்பரப்பைச் சரிசெய்த பிறகும் மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். எந்தக் கலவையானாலும் முதலில் சின்ன வாளியில், உங்கள் மண்ணில், உங்கள் ஆற்று நீரை ஊற்றிச் சோதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் இயந்திரத்தை வரச்சொல்லுங்கள்.

பாதரசமும் டயாக்சினும் சூட்டுக்கு இறங்கும். வியட்நாமின் தா நாங் விமான நிலையத்தில் போர்க்காலக் களைக்கொல்லியிலிருந்து வந்த டயாக்சின் என்ற நச்சு கலந்த மண்ணைப் பெரிய கான்கிரீட் பெட்டிகளில் அடைத்து 335 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினார்கள். 2012-இல் தொடங்கி 2018-இல் முடிந்த வேலை, சுமார் 90,000 கன மீட்டர் மண். மின்சாரச் செலவு பயங்கரம். சின்ன அளவு கொடிய மண்ணுக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

இப்போது தோண்டலாம்

வேலையாட்களின் பாதுகாப்பு முதலில். கையுறை, பூட்ஸ், சரியான வடிகட்டி பொருத்திய முகமூடி, வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்ற இடம். மூக்கைத் துண்டால் கட்டிக்கொள்வதை முகமூடி என்று சொல்லி யாரையும் குழிக்குள் இறக்காதீர்கள். அந்த உடுப்போடு வீட்டுக்குப் போனால் குழந்தைகளுக்கும் போய்ச் சேரும். ஆள் உயரக் குழி என்றால் பக்கச் சுவருக்கு முட்டு வேண்டும், உள்ளே காற்றைச் சோதிக்காமல் இறங்கக் கூடாது. சேற்று மண்ணில் அழுகிய முட்டை வாசனை வந்து திடீரென்று நின்றுபோனால், ஹைட்ரஜன் சல்பைடு என்கிற விஷ வாயு போய்விட்டது என்று நம்பாதீர்கள், மூக்கு மரத்துப்போயிருக்கலாம். உடனே வெளியே வாருங்கள்.

எடுத்த மண்ணை விரிப்பின் மேல் வைத்துத் தார்ப்பாயால் மூடுங்கள், புழுதி பறக்காமல் லேசாக நனையுங்கள். லாரி வெளியே போகும்முன் சக்கரம் கழுவப்பட வேண்டும். அபாயக் கழிவு என்று வகைப்பட்ட மண் கும்மிடிப்பூண்டி மாதிரி அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும், ஒவ்வொரு லோடுக்கும் 2016 அபாயக் கழிவு விதிகளின் படிவம் 10 என்கிற சரக்குச் சீட்டு இருக்க வேண்டும். இங்கே ஏற்றிய எடையும் அங்கே இறக்கிய எடையும் அன்றன்றைக்கே ஒப்பிடுங்கள். வழியில் காணாமல் போன ஒரு லோடு யாரோ ஒருவரின் வீட்டு மனையில் நிரப்பு மண்ணாகக் கிடக்கும்.

கரையோரத்துக்கே உரிய இன்னொரு ஆபத்து இருக்கிறது. அலையாத்திக் காடு இருந்த இடத்துச் சாம்பல் நிறச் சேற்றில் இரும்பு சல்பைடு நிறைய இருக்கும். நீருக்கடியில் இருக்கும்வரை அது சாது. தோண்டி வெயிலில் குவித்துவிட்டால் காற்றுப் பட்டு கந்தக அமிலமாகும், அமிலம் மண்ணில் இருக்கும் உலோகங்களையெல்லாம் கரைத்துக்கொண்டு ஓடும். ஆலை விட்ட விஷத்தைவிட நீங்கள் தோண்டி உண்டாக்கிய விஷம் பெரிதாகிவிடும். தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. சிறிதளவு சேற்றின் மேல் அடர்ந்த ஹைட்ரஜன் பெராக்சைடு சில துளி விடுங்கள், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்து. நுரைத்துக் கொதித்துப் புகை வந்து, பிஹெச் தாள் 3-க்குக் கீழே சிவந்தால் அது அந்த வகைச் சேறு. அப்படி என்றால் எடுத்த அன்றே சுண்ணாம்புத் தூள் கலக்க வேண்டும், அல்லது நீருக்கடியிலேயே விட்டுவிட வேண்டும். கிளிஞ்சல் நிறைந்த சேறு என்றால் அமிலத்தை அதுவே ஓரளவு தணித்துக்கொள்ளும்.

குழியின் அடியிலும் நான்கு பக்கச் சுவரிலும் மாதிரி எடுத்து லேப் முடிவு வந்த பிறகுதான் மூட வேண்டும். ஒப்பந்ததாரர் தினமும் கேட்பார், பம்பு வாடகை ஏறுகிறது என்பார். காத்திருங்கள். மூடக் கொண்டுவரும் மண்ணையும் சோதியுங்கள். வெளியிலிருந்து "நல்ல மண்" என்று வந்ததில் இடிபாடும் பேட்டரிக் கழிவும் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். எடுக்காமல் கீழே விட்டுவைத்த மண் இருந்தால் அதன் மேல் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற வலையோ ஜியோடெக்ஸ்டைல் துணியோ விரித்துவிட்டு நல்ல மண்ணைப் போடுங்கள். இருபது வருடம் கழித்து யாரோ ஒருவர் குழாய் பதிக்கத் தோண்டும்போது அந்த நிறத்தைப் பார்த்து நிற்பார்.

கரைக்கு அப்பால்

நிலத்தைச் சுத்தம் செய்துவிட்டு ஆற்றடிச் சேற்றை மறந்தால் பாதி வேலைதான். ஆனால் சேற்றில் கை வைப்பது நிலத்தைவிடக் கடினம், கிளறிய சேறு எங்கும் பரவும். ரசாயன ஆலையின் பாதரசக் கழிவால் பாழான ஜப்பானின் மினமாட்டாவில் 1977 முதல் 1990 வரை, பாதரசம் 25 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 25 பங்குக்கு) மேல் இருந்த வளைகுடாச் சேற்றை உறிஞ்சியும் மூடியும் 58 ஹெக்டேர் நிலமாக மேடாக்கினார்கள். மீன்கள் வெளியே போகாமல் கட்டியிருந்த வலையை 1997-இல்தான் எடுத்தார்கள். சியாட்டிலிலும் பூங்கா திறந்து ஐம்பது வருடம் ஆகப்போகிற நேரத்திலும் ஏரியடிச் சேற்றின் வேலை முடியாமல்தான் இருந்தது, அந்தக் கரையில் நீரில் இறங்க வேண்டாம் என்று பலகை வைத்திருந்தார்கள். நிலத்திலிருந்து கசிவு நின்றுவிட்டது என்று கிணறுகள் சொன்ன பிறகே சேற்றுக்குப் போங்கள். முன்னால் போனால், சுத்தமான சேற்றின் மேல் மறுபடி கசியும்.

அங்கே மீன் பிடிப்பவர்களிடம் முதல் நாளிலிருந்தே பேசுங்கள். எந்த மீன், எந்தக் காலம், யார் சாப்பிடுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மீனையும் நண்டையும் சோதித்த எண்களை அவர்கள் கையில், தமிழில், ஒரே தாளில் கொடுங்கள். மீன் பிடிக்கக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்தால், அந்த மாதங்களுக்கான வருமானம் திட்டச் செலவில் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

வேலை முடிந்த பின் கண்காணிப்புக் கிணறுகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, குறைந்தது இரண்டு மழைக்காலம் தாண்டும்வரை மாதிரி எடுங்கள். முதல் மழைக்குப் பிறகு எண்கள் கொஞ்சம் ஏறும், பயப்பட வேண்டாம். மூன்றாவது தடவையும் ஏறினால் சுவரையும் வடிகால்களையும் போய்ப் பாருங்கள். எங்கே என்ன விடப்பட்டிருக்கிறது, எவ்வளவு ஆழத்துக்குக் கீழே தோண்டக் கூடாது, அங்கே ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது என்பதையெல்லாம் நிலப் பத்திரத்தில் வில்லங்கமாகப் பதியச் சொல்லுங்கள். கிணற்று மூடிகளுக்குப் பூட்டுப் போட்டு, எண்ணை பெயின்ட்டில் எழுதாமல் தகட்டில் வெட்டி அடியுங்கள். பெயின்ட் உப்புக் காற்றில் இரண்டு வருடத்தில் போய்விடும், அப்புறம் எந்தக் கிணறு எது என்று யாருக்கும் தெரியாது.